கென்டக்கி மாகாணத்து மதுப்பாதை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களிற் சிலருக்கு வியப்பையும், சிலருக்கு மனவருத்தத்தையும் உண்டாக்கக்கூடும். மதுவைப் பற்றிய பேச்சுக்கு இம்மேடையில் என்ன வேலை என்று மூத்தோர் கேட்பின் அது நியாயமான கேள்வியே. குடியைப் புகழ நாம் வரவில்லை. ஓர் ஊர் தன்னிடமுள்ள ஒரு சரக்கைக் கொண்டு அயல் நாட்டாரைத் தன்பால் எவ்வாறு வரவழைக்கிறது, வந்தவர்க்கு எந்தக் கதையைச் சொல்லுகிறது, அக்கதையில் எவர் பெயர் நிற்கிறது, எவர் பெயர் உதிர்ந்து போகிறது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கென்டக்கி மாகாணத்தில் நடந்திருப்பதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆறுபடை வீடுகளையும் நவக்கிரக ஸ்தலங்களையும் அறியாதவர் நம்மில் இல்லை. தனித்தனியே நிற்கும் கோவில்களை ஒரு நூலிற் கோத்து, இத்தனை ஸ்தலமும் தரிசித்தாலன்றி யாத்திரை பூர்த்தியாகாது என்று பெரியோர் வகுத்து வைத்தனர். ஒன்றைத் தரிசித்தவனுக்கு மற்றையதையும் காணவேண்டுமென்ற ஆவல் தானே எழுகிறது. தெய்வ காரியத்தையும் மது காரியத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்ததாக எவரும் எண்ணவேண்டாம். கோத்து வைக்கும் யுக்தி ஒன்று என்பதையே சொல்லுகிறோம். அந்த யுக்தியைத்தான் கென்டக்கியார் தம் வடிசாலைகளுக்கும் மதுசாலைகளுக்கும் பிரயோகித்தனர்.

அம்மாகாணத்தின் சரக்கு பர்பன் என்னும் விஸ்கி. மாவில் 51 சதவிகிதத்துக்குக் குறையாமல் மக்காச்சோளம் இருக்கவேண்டும். உட்புறம் தீயிற் கரிக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்திலேயே அதனை முதிரவிடவேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுமுறைக்கு ஆகாது என்பன அந்நாட்டுச் சட்டம். அவ்விடத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவதால் இரும்புச் சத்து நீங்கியிருப்பது வடிப்புக்கு ஏற்றதென்பர். 1964-ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை பர்பனைத் தன் நாட்டுக்கே உரிய தனிச் சரக்கென்று தீர்மானித்தது. ஆயினும் கௌரவம் வேறு, விற்பனை வேறு. 1970-க்கு மேல் இளைஞர்கள் விஸ்கியைக் கிழவர் பானமென்று ஒதுக்கி, வாசனையற்ற வோட்காவை நாடலாயினர். பல வடிசாலைகள் மூடப்பட்டன. பீப்பாய்க் கிடங்குகள் பாழடைந்தன.

இந்நிலையில், 1880-ம் வருஷத்திலேயே ஸ்தாபிக்கப்பட்ட கென்டக்கி வடிசாலையார் சங்கம் 1999-ம் வருஷத்தில் கென்டக்கி பர்பன் பாதை என்பதை வகுத்தது. செலவு சொற்பமே. புதுச் சாலை போடவில்லை. புதுக் கட்டடம் எழுப்பவில்லை. ஏற்கெனவே நின்ற வடிசாலைகளை ஒரு படத்தில் குறித்து, பிரயாணியின் கையில் பாஸ்போர்ட் போன்ற சிறு புத்தகமொன்றைக் கொடுத்து, போகுமிடந்தோறும் ஒரு முத்திரை குத்துவித்து, எல்லா முத்திரையும் சேர்ந்தவனுக்கு ஒரு சட்டையைப் பரிசாக அளித்தார்கள். சட்டையின் விலை என்ன பெறும்? வளர்ந்த மனிதர், கையில் பொருளுள்ளவர், அந்தச் சட்டைக்காக மைல் மைலாகக் காரோட்டிச் சென்றார்கள்! மனித சுபாவத்தை இதைவிட மலிவாக விலைக்கு வாங்கிய வியாபாரம் அரிது. 2023-ம் வருஷத்தில் அப்பாதையின் வடிசாலைகளுக்கு நேர்ந்த வருகைகள் 25 லட்சத்துக்கு மேல் என்று அச்சங்கம் கணக்குக் காட்டியது. மாகாணத்தின் ஜனத்தொகையோ 45 லட்சம் அளவே.

வடிசாலைகள் நாட்டுப்புறத்தில் பரந்து கிடப்பவை. பெரிய நகரமாகிய லூயிவில், பிரயாணி இறங்கி ஏறும் ஊராக மாத்திரம் இருந்துவிடலாகாதென்று கவலை கொண்டது. ஆகவே அந்நகரத்தின் பிரயாணிகள் காரியாலயத்தார் 2008-ம் வருஷத்தில் நகரப் பர்பன் பாதை என்று மற்றொன்றை வகுத்தனர். இதிலே நிலைகளாக அமைந்தவை மதுசாலைகளும் போஜனசாலைகளும். வடிசாலையில் மது பிறப்பதைக் காணலாம். நகரத்திலோ அதனைச் சர்க்கரையும் கசப்புச் சாரமும் பழத்தோலும் புதினாவும் சேர்த்துக் கலந்து தரும் கலையைக் காணலாம். அக்கலவையைத்தான் காக்டெயில் என்பர். 1806-ம் வருஷத்திலேயே நியூயார்க் மாகாணத்து ஹட்சன் நகரப் பத்திரிகையொன்று, மதுவும் சர்க்கரையும் நீரும் கசப்புச் சாரமும் கூடியது காக்டெயில் என்று வாசகர்க்கு விளக்கியிருக்கிறது.

கேட்டவரையெல்லாம் அப்பாதையில் சேர்த்துக்கொண்டார்களா என்றால், இல்லை. ஐம்பது வகைப் பர்பனுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். பர்பன் சேர்ந்த உணவும் பரிமாறவேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிடில் நாற்பது கடைகள் தம் பெயரைப் படத்தில் ஏற்றிக்கொண்டு, வந்தவன் ஏமாந்து, மறு வருஷம் பாதையே மறைந்திருக்கும். சேரும் வாசல் குறுகியிருக்கும்போதுதான் சேர்ந்தவனுக்கு மதிப்பு உண்டாகிறது. சங்கம் நடத்தும் நமக்கு இது புதிய பாடமன்று; எனினும் சந்தா வருகிறதே என்று கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு.

எதிரெதிர்க் கடைக்காரர்கள் எவ்வாறு ஒன்றுபட்டனர் என்று நீங்கள் கேட்கலாம். ஒரே கடைக்காக ஒருவன் ஆயிரம் மைல் பிரயாணம் செய்யமாட்டான். எட்டுக் கடை, ஒரு சரித்திரம், ஒரு முத்திரைப் புத்தகம் என்றால் புறப்படுவான். புறப்பட்டவன் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடிக்கவும் இயலாது. மறுநாளும் தங்கவேண்டும். தங்கினால் அறை வாடகை, சாப்பாடு, வண்டிச் சத்தம், பெண்டு பிள்ளைகளுக்கு வாங்கும் சாமான் எல்லாம் ஊருக்கே சேருகின்றன. மதுசாலைக்காரனுக்கு ஒரு பங்கு லாபமென்றால் மதுவைத் தீண்டாத ஹோட்டல்காரனுக்கும் புத்தகக் கடைக்காரனுக்கும் பல பங்கு. சங்கத்தை விட்டு விலகியவரும் இல்லாமற் போகவில்லை. பஃபலோ டிரேஸ் என்னும் புகழ்பெற்ற வடிசாலையின் உடைமையாளர் 2010-ஐ ஒட்டி விலகிக்கொண்டதால் அவ்வடிசாலை பல வருஷம் அதிகாரபூர்வமான படத்தில் இடம்பெறவில்லை. ஜனங்கள் அங்கும் திரள் திரளாகப் போய்க்கொண்டே இருந்தனர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

சட்டமும் மெள்ள மெள்ளத்தான் வழிவிட்டது. விஸ்கிக்குப் பேர்போன அதே மாகாணத்தில் மது விற்பனையை அடியோடு விலக்கிய ஜில்லாக்கள் இன்றும் இருக்கின்றன. வடிசாலையில் ருசி பார்க்கத் தரும் அளவுக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. கலந்த காக்டெயிலைக் கோப்பைக் கணக்கில் வடிசாலையிலேயே விற்கலாம் என்ற அனுமதி 2016-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே வந்தது. குடித்துவிட்டு வண்டியோட்டுவதால் நேரும் உயிர்ச்சேதத்தை எண்ணின், கால்நடையாகவே பல இடங்களைச் சுற்றக்கூடிய நகரப் பாதை நாட்டுப்புறப் பாதையைவிடச் சிலாக்கியமானதென்பது நமது அபிப்பிராயம். குடியால் கெட்ட குடும்பங்களின் கணக்கை எந்தப் பாதைக்காரரும் தம் படத்தின் ஓரத்தில் அச்சிடுவதில்லை. அதை நாமே மனத்திற் குறித்துக்கொள்ளவேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருவோம். இத்தகைய பாதையில் விற்கப்படுவது பெரும்பாலும் கதையே. அதே மது எந்த ஊர்க் கடையிலும் புட்டியில் கிடைக்கும். கதையை அவ்விடத்திலேதான் நின்று கேட்கவேண்டும். ஆகவே, கதை எத்தன்மையது என்பது அற்ப விஷயமன்று.

நெடுங்காலமாகப் பிரயாணிக்குச் சொல்லப்பட்ட கதை யாது? எலைஜா கிரெய்க் என்னும் பாதிரியார் 1789-ம் வருஷத்தில் முதன்முதல் பர்பனை உண்டாக்கினார் என்பது ஒன்று. இதற்குத் தக்க ஆதாரம் இல்லை. அவர் காலத்துக்குப் பல பத்து வருஷங்களுக்குப் பின்னரே இப்பேச்சு நூலேறியது. அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பதற்கோ ஆதாரம் உண்டு. 'ஓல்ட் ஃபேஷன்ட்' என்னும் காக்டெயில் லூயிவில் நகரத்துப் பென்டெனிஸ் கிளப்பிலே பிறந்ததென்பது இன்னொரு கதை. அந்தக் கிளப் ஸ்தாபிதமானது 1881-ல். அப்பானத்தின் பெயரோ 1880-லேயே சிகாகோ பத்திரிகையில் அச்சாகிவிட்டது. தாய் பிறக்குமுன் பிள்ளை பிறந்த கதையாயிற்று! இவ்விரண்டும் பெரிய மனிதரையும் பெரிய மாளிகையையும் பற்றிய கதைகள். மக்காச்சோளத்தை அரைத்தவர், கொப்பரைக்கு விறகிட்டவர், பீப்பாய் உருட்டியவர், பனிக்கட்டியை நொறுக்கிக் கோப்பையில் அடைத்தவர் ஆகியோர் அவற்றில் இல்லை. அவர்களிற் பெரும்பாலோர் கருப்பு ஜாதியார். 1865-க்கு முன்னே அடிமைகள்.

புதினாவும் சர்க்கரையும் நொறுங்கிய பனிக்கட்டியும் பர்பனும் சேர்ந்த மின்ட் ஜூலெப் என்னும் பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1875-ல் தொடங்கிய கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு இது அடையாளம். பந்தயத்தை ஒட்டிய இரண்டு நாளில் ஏறக்குறைய 1,20,000 கோப்பை செலவாகுமென்பர். இது கென்டக்கியிற் பிறந்த பானமன்று, வர்ஜீனியாவிலிருந்து வந்தது. அங்கே ரிச்மண்ட் நகரில் ஜான் டாப்னி என்றொரு அடிமை இருந்தார். அவரை உடையவர் அவரைக் கூலிக்கு விட்டிருந்தனர். அவர் செய்த ஜூலெப்பின் புகழ் அக்காலத்துப் பெரியோரிடமெல்லாம் பரவிற்று. கிடைத்த சன்மானத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தம் மனைவியை விலை கொடுத்து விடுவித்தார். தம்முடைய விடுதலைக்கும் தவணையாகச் செலுத்தி வந்தார். தவணை முடியுமுன்பே யுத்தம் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. இனிச் சட்டப்படி ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. அவரோ சொன்ன சொல் தவறலாகாதென்று மீதத் தொகையையும் தம் பழைய எஜமானிக்குச் செலுத்தித் தீர்த்தார். தம்மைத் தாமே விலைக்கு வாங்கும் கொடுமையிலும் நாணயம் காத்த அம்மனிதரை நினைக்கும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த நாணயத்தைப் போற்றுவதா, அதைக் கையேந்தி வாங்கிக்கொண்டவரைக் கண்டு நாணுவதா என்று தெரியவில்லை.

மற்றொருவர் டாம் புல்லக். 1872-ல் லூயிவில்லிலேயே பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். மேற்சொன்ன பென்டெனிஸ் கிளப்பிலே சிப்பந்தியாயிருந்து, பின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கிளப்பொன்றில் மது கலப்பவராக அமர்ந்தார். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தம்மைக் குடிகாரர் என்றெழுதிய பத்திரிகாசிரியர்மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்து, 1913-ம் வருஷம் சாட்சி கூறுகையில், அந்தக் கிளப்பிலே தாம் ஒரு ஜூலெப்பில் சில மிடறே பருகியதாகச் சொன்னார். உடனே அவ்வூர்ப் பத்திரிகை, புல்லக் கலந்த ஜூலெப்பைப் பாதியில் வைத்தவர் எவரேனும் உண்டோ என்று பரிகாசம் செய்தது. வழக்கில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார்; நஷ்ட ஈடாக அவர் பெற்றது ஆறு சென்ட். நான்கு வருஷம் கழித்து, 1917-ல், புல்லக் தம் செய்முறைகளை நூலாக வெளியிட்டார். காக்டெயில் நூல் வெளியிட்ட முதல் கருப்பு அமெரிக்கர் அவரேயென்பர். இரண்டொரு வருஷத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்து தொழிலே அற்றுப்போயிற்று. அவர் 1964-வரை வாழ்ந்திருந்தார். அவர் வேலை செய்த கிளப்பின் பெயரை உலகம் அறியும். அவர் பெயரை வெகு காலம் எவரும் உச்சரிக்கவில்லை.

பக்கத்து மாகாணமாகிய டென்னஸியில் ஜாக் டேனியல் என்ற பெயர் புட்டிதோறும் இருக்கிறது. சிறுவனாயிருந்த ஜாக்குக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நேதன் கிரீன். நியரெஸ்ட் என்பது அவருக்கு வழங்கிய பெயர். பாதிரியார் ஒருவருடைய பண்ணையில் கூலிக்கு விடப்பட்ட அடிமை. விடுதலைக்குப் பின் ஜாக்கினுடைய வடிசாலையின் முதல் தலைமை வடிப்பாளரும் அவரே. ஜாக் டேனியல் தம் ஆட்களோடு அமர்ந்திருக்கும் பழைய புகைப்படமொன்றில் அவருக்கு அருகே ஒரு கருப்பு மனிதர் இருக்கிறார்; நியரெஸ்டின் மகன் என்று கருதப்படுகிறது. படம் பார்வைக்கு இருந்தும், யார் இவர் என்ற கேள்வி நூறு வருஷத்துக்கு மேல் உரக்க எழவில்லை. அவ்வடிசாலை தன் 150-வது வருஷத்தைக் கொண்டாடிய 2016-ல்தான் இச்செய்தி பத்திரிகைகளில் விரிவாக வெளிவந்து, கம்பெனியாரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர்.

நம் சபையில் இதைச் சொல்லக் காரணமுண்டு. நம்மிற் பலருடைய பாட்டன்மார் பனையேறியவர்கள். பாளை சீவியவர் ஒருவர், பதநீர் காய்ச்சிய தாய் ஒருத்தி, கருப்பட்டியை நிறுத்து வாங்கிய வியாபாரி ஒருவர். கடைப் பலகையில் எந்தப் பெயர் எழுதப்பட்டது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. தொழில் செய்தவனை இழிவென்று ஒதுக்கிவிட்டு, தொழிலின் பயனை மாத்திரம் விருந்தில் வைத்துப் புகழ்வது கென்டக்கிக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று.

எல்லாவிடத்திலும் இப்படியே நிகழ்ந்ததென்றும் சொல்லமுடியாது. சிங்கப்பூரிலே ராஃபிள்ஸ் ஹோட்டலார் தம் புகழ்பெற்ற 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்னும் பானத்தை 1915-ல் ஆக்கியவர் நியம் டோங் பூன் என்னும் ஹைனான் சீனரென்று பெயர் சொல்லியே விற்கின்றனர். வருஷத்தைப் பற்றியும் செய்முறையைப் பற்றியும் வாதம் உண்டு. ஆனால் கலந்தவன் பெயர் இருக்கிறது. அதனால் அவர்கள் வியாபாரம் குறைந்துபோகவில்லை.

லூயிவில்லும் விழித்துக்கொண்டது. 2021-ம் வருஷத்தில் அந்நகரத்துப் பிரயாணிகள் காரியாலயத்தார், கருப்பு மக்களின் சரித்திரத்தை மறைக்காமற் கூறும் காட்சிகளைத் தொகுத்துப் பிரயாணிகளுக்கு அளிக்கலாயினர். அதிலொன்றாக, பிரதான வீதியிலுள்ள பர்பன் காட்சிசாலையொன்று டாம் புல்லக்கின் நூற்பெயரையே சூட்டி, அவர் சரித்திரத்தைச் சொல்லி, அவர் காலத்துக் கலவைகளைக் காட்டும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. இது தர்மத்துக்காகச் செய்தது மாத்திரமன்று என்பதை நாம் அறிவோம். பழைய கதை தேய்ந்துவிட்டது; உண்மைக் கதைக்குக் கேட்பவர் அதிகம். எந்தக் காரணத்தாலாயினும் பெயர் ஏறியது ஏறியதுதான்.

கதையின் பலம் எவ்வளவென்பதற்கு இன்னொரு செய்தி. பர்பனின் தேவை மறுபடியும் தளர்ந்து, சரக்கு மிஞ்சியபோது, ஜிம் பீம் கம்பெனியார் கிளர்மான்ட் என்னுமிடத்திலுள்ள தம் பிரதான வடிசாலையில் 2026-ம் வருஷத்துக்கு வடிப்பை நிறுத்தி வைப்பதாக 2025-ன் முடிவில் அறிவித்தனர். கொப்பரை ஆறினாலும், பிரயாணிகளை வரவேற்கும் வாசலை மாத்திரம் திறந்தே வைப்பதாகவும் அதே அறிவிப்பிற் சொன்னார்கள்.

டாப்னியின் கதையும் நியரெஸ்டின் கதையும் இன்று நமக்குக் கிடைப்பது எதனால்? பத்திரிகைத் துண்டுகள், ஜனக்கணக்குப் பதிவேடுகள், பேரர் வீட்டிலிருந்த கையெழுத்துத் தாள், கிழவிகள் சொல்லக் கேட்டது ஆகிய இவற்றாலே. ஆதலால் இங்கு வந்துள்ள குடும்பத்தார் ஒவ்வொருவரையும் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறோம். பாட்டன், பூட்டன் பெயர். எந்த ஊரில், எவருடைய தோப்பில், எத்தனை பனை ஏறினார். காய்ச்சிய தாயின் பெயர். கருப்பட்டி எந்தச் சந்தைக்குப் போயிற்று. கணக்கு நோட்டோ ஓலையோ இருந்தால் அது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் சங்கக் காரியதரிசியிடம் சேர்ப்பிக்கவேண்டும். எழுதத் தெரியாத முதியோர் இருப்பின், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை பக்கத்தில் அமர்ந்து எழுதிக்கொள்ளட்டும். வந்தவற்றை இப்பத்திரிகையில் மாதந்தோறும் இரண்டு பக்கம் பிரசுரிக்க நிர்வாக சபையார் இசைந்திருக்கின்றனர்.